கரிசலுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று

கட்டிடங்களுக்குக் கம்பிக் கணக்குப் போடுவது என் தொழில். எந்தத் தூண் எவ்வளவு தடிமன், எந்த உத்திரத்தில் எத்தனை கம்பி, நிலம் ஆடினால் எது முதலில் முறியும் என்று பார்த்துச் சொல்கிறவள். இதை மதுரையில் இருந்துகொண்டு செய்வதுதான் சிக்கல். இங்கே வரைபடத்தை விரித்து, "பூகம்பத்துக்காக இந்த இடத்தில் ஒரு காங்கிரீட் சுவர் வேண்டும்" என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். "மதுரைக்கு எப்ப மேடம் பூகம்பம் வந்துச்சு?" ஆரம்பத்தில், "வந்த பிறகு சுவர் வைக்க முடியாது" என்று பொறுமையாகச் சொல்வேன். பிறகு பொறுமை போய், "அப்புறம் உங்க வண்டியில ஹெல்மெட் எதுக்கு?" என்று கேட்க ஆரம்பித்தேன். அதிலும் பலனில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

இந்தச் சிரிப்பு என் அப்பாவுக்கும் உண்டு. ஆனால் அவரிடம் அதைவிடப் பெரிய நோய் ஒன்று இருந்தது. எல்லாம் சமமாக இருக்க வேண்டும். ரேஷன் கடையில் எடை போட்டே ஓய்வு பெற்றவர். தராசு முள் நடுவில் வந்து நிற்காமல் அவர் யாருக்கும் அரிசியைக் கொட்டியதில்லை. ஒரு பிடி குறைந்ததில்லை, கூடியதும் இல்லை. கூடாத காரணத்தால் அவரை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது என்பது வேறு விஷயம். வீட்டிலும் அப்படியே. எனக்கும் தங்கைக்கும் அல்வா வாங்கி வந்தால் நூலை இழுத்துப் பிடித்து அதைச் சரிபாதியாக அறுப்பார். தீபாவளிக்கு எனக்கு எடுத்த அதே அளவு துணியை அவளுக்கும் எடுப்பார். அவள் என்னைவிட நாலு வயது சின்னவள், குட்டை. பாவாடை தைத்து மிஞ்சிய துணியில் அவளுக்குத் தலையணை உறை தைப்பார்கள். எங்கள் தெருவில் அந்த வயதில் அத்தனை தலையணை உறை வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

நாங்கள் கேலி செய்வோம், ஆனால் ஒரு எல்லையோடு நிறுத்திக்கொள்வோம். எழுமலைப் பக்கம் எங்கள் தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர். கூலி நெல் அளந்து போடுகிறவர் மரக்காலுக்குள் கட்டைவிரலை விட்டுத்தான் அளப்பாராம். ஒவ்வொரு மரக்காலிலும் ஒரு விரல் பருமனுக்கு நெல் குறையும். யாரும் எதுவும் கேட்க முடியாது. அப்பா இதை எங்களிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. சொல்லும்போது தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் வயதான காலத்தில் இரண்டு மனை வைத்திருந்தார். ஒன்று திருப்பரங்குன்றத்தில், நிமிர்ந்தால் மலை தெரிகிற மாதிரி. இன்னொன்று அவனியாபுரத்தில், கண்மாய்க்குக் கொஞ்சம் தள்ளி. டேப் பிடித்து அளந்து, இரண்டும் ஒரே அளவு என்று உறுதி செய்துகொண்டுதான் பத்திரம் போட்டிருந்தார். ஆளுக்கொரு வீடு, அச்சு அசலாக ஒரே வீடு என்பது அவர் திட்டம். எங்கள் இருவரின் கணவர்களும் இந்தக் கதையில் வர மாட்டார்கள். வந்திருந்தாலும் நாங்கள் பேச விட்டிருக்க மாட்டோம்.

எது யாருக்கு என்று தானே சொன்னால் பாரபட்சமாகிவிடும் என்பதால் குலசாமி கோயிலில் பூப் போட்டுப் பார்த்தார். ஒரு வெற்றிலையில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, குலுக்கிச் சாமி காலடியில் போட்டார் பூசாரி. வெள்ளைக்கு அவனியாபுரம், சிவப்புக்குத் திருப்பரங்குன்றம். மூத்தவள் என்பதால் நான் முதலில் எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன். "சாமி, எனக்குச் சிவப்பு" என்று வேண்டினேன்.

ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருப்பரங்குன்றத்து மனைக்கு அடியில் பாறை. அவனியாபுரத்து மனைக்கு அடியில் கரிசல் களிமண். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அந்தக் கோடையில் அப்பா மனையில் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவி நழுவி ஒரு வெடிப்புக்குள் போய்விட்டது. குச்சியை விட்டுத் துழாவினோம், அகப்படவே இல்லை. நிலம் ஆடினால் பாறை ஒரு வெட்டு வெட்டிவிட்டு நின்றுவிடும். இந்த மண் அந்த ஆட்டத்தை வாங்கி, பெரிதாக்கி, நேரத்தையும் நீட்டி மேலே இருக்கும் வீட்டுக்குக் கொடுக்கும். அந்தக் கோயிலில் நின்றவர்களில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். "அப்பா, ரெண்டு மனையும் சமம் இல்ல" என்று சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்காமல் இருந்த தருணங்கள் என் வாழ்க்கையில் ரொம்பக் குறைவு. அதில் அதுவும் ஒன்று. வெற்றிலையைப் பிரித்தேன். செவ்வரளி.

வேடிக்கை என்னவென்றால், மொத்தக் குடும்பமும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. மண்ணை நம்பிப் பிழைத்த சனத்துக்குக் கரிசல் என்றால் தங்கம், பாறை என்றால் தண்டம்.

"எம் மூத்தவளுக்குப் போயி இப்படி விழுந்துருச்சே" என்று அம்மா கண்ணைத் துடைத்தாள். "அந்தப் பாறையில ஒரு கருவேப்பிலைச் செடிகூட முளைக்காதேடி."

"வெசனப்படாத தாயி" என்றார் அப்பா. "மண்ணுல கொறஞ்சா என்ன, வீட்டுல கொறைய விட மாட்டேன். ரெண்டும் ஒரே வீடு. ஒரு கம்பி கூடாது, ஒரு கம்பி கொறையாது."

நான் துக்கப்படுவது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். தங்கை பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு உள்ளே கூசியது.

வரைபடம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. என் மனையின் ஒரு மூலையில் ஒரு குண்டுப் பாறை, படுத்திருக்கும் எருமை அளவுக்கு. அதை உடைக்க ஆள் பேசிவிட்டேன். ஆள் வருவதற்கு முதல் நாள் அம்மா மனையைப் பார்க்க வந்தாள். பார்த்தவள் சும்மா போகாமல் பாறைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் சம்மட்டியோடு வந்தவர் பாறையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மதுரை ஜில்லாவில் அந்தப் பாறையைத் தொட ஆள் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். வீட்டைத்தான் வளைக்க வேண்டும். பாறையைச் சுற்றிக்கொண்டு என் வீடு 'ட' எழுத்து மாதிரி ஆனது.

தங்கையின் மனையில் வேறு பிரச்சினை. கண்மாய் நிறைந்த வருடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதனால் கீழே சுவர் எதுவும் இல்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி, வண்டி விட இடம் வைத்து, வீட்டை மேலே ஏற்றினேன்.

இரண்டு படத்தையும் அப்பா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "என்ன தாயி, ரெண்டும் வேற வேறயா இருக்கு?"

காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுவாரம் அவர் முடிவு வந்தது. என் வீடும் தூண் மேல் ஏற வேண்டும், அவள் வீடும் 'ட' ஆக வேண்டும். ஆகவே தண்ணீர் லாரி வந்தால் மட்டுமே தண்ணீரைப் பார்க்கக்கூடிய என் மேட்டு மனையில், வெள்ளத்துக்குப் பயந்து காலைத் தூக்கி நிற்கும் ஒரு வீடு. வெட்டவெளியான தங்கையின் மனையில், இல்லாத பாறைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் ஒரு வீடு.

நிலநடுக்கத்துக்கு இந்த இரண்டுமே ஆகாது. 'ட' மாதிரி வளைந்த வீடு ஆடும்போது அதன் இரண்டு கைகளும் இரண்டு பக்கம் இழுக்கும், வீடு முறுக்கிக்கொண்டு உள்மூலையில் கிழியும். கீழே சுவரில்லாத வீட்டுக்கு உடம்பு கனம், முழங்கால் வீக். குலுக்கினால் அங்கேதான் மடியும். இப்படிக் கட்டாதே என்று எங்கள் பாடப்புத்தகத்தில் தனித்தனிப் பக்கத்தில் போட்டிருந்த இரண்டு படங்களை அப்பா ஒன்றாகச் சேர்த்து ஒரு வீடாக்கினார். பிறகு அதையே இரண்டாகக் கட்டச் சொன்னார். அதில் ஒன்று களிமண்ணில்.

முடியாது என்றேன். கத்தினேன். கத்தி ஆகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்முறை விளக்கத்தில் இறங்கினேன். அன்று அம்மா கேசரி கிண்டியிருந்தாள். அதை ஒரு தட்டில் கொட்டிப் பரப்பி மரப் பெஞ்சின் மேல் வைத்தேன். பக்கத்தில் துவையல் அரைக்கும் சின்ன அம்மி. தீப்பெட்டிகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு இரண்டு வீடு செய்து, அம்மி மேல் ஒன்றும் கேசரி மேல் ஒன்றுமாக நிறுத்தி, "இப்ப பெஞ்சை ஆட்டுங்கப்பா" என்றேன்.

ஆட்டினார். அம்மி மேல் இருந்த வீடு லேசாகத் துடித்து அப்படியே நின்றது. கேசரி மேல் இருந்தது முன்னும் பின்னும் சாய்ந்து, ஒரு பக்கமாக அமுங்கி, முந்திரிப் பருப்பின் மேல் தலைகுப்புற விழுந்தது. அப்பா வெகுநேரம் அதையே பார்த்தார்.

"தெரியுதாப்பா?"

"தெரியுது தாயி. கேசரிக்கு நெய் கூடிப்போச்சு."

"நெய் கூடலை, உங்களுக்கு வாய்தான் கூடிப்போச்சு" என்று அம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

குழி தோண்டிப் பார்த்த அன்றுதான் அவர் நம்பினார். என் மனையில் இரண்டடியில் கடப்பாரை பொறி பறக்கத் திரும்பி வந்தது. அவனியாபுரத்தில் ஆள் உயரத்துக்குத் தோண்டியும் அதே கறுப்பு மண், கையில் பிடித்தால் சோப்பு மாதிரி வழுக்கியது. மறுநாள் காலையில் போனபோது குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. இரண்டு தவளைகள் பால் காய்ச்சாமலே குடிவந்திருந்தன.

தங்கையும் அன்று வந்திருந்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர், அமைதியானவள். குழியின் ஓரத்தில் நின்று தவளைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த மண்ணு இப்படின்னு உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. "தெரியும்" என்றேன்.

"பூப் போடும்போதே?"

"ம்."

அவள் குழியை விட்டு விலகினாள். வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எங்களுக்குள் சண்டை புதிதல்ல. ஆனால் சண்டையில் கத்துவது நான், கடைசியில் சிரிப்பது அவள் என்றுதான் எப்போதும் இருந்தது. அமைதியானவர்கள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டாள். செய்தி அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழும், அவ்வளவுதான். நானே வாய்விட்டு அழுதேன், ஒரு நாள் ஆபீசிலேயே. மனையை மாற்றிக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சாமி கொடுத்ததை நீ மாத்துவியோ?" என்றார். "எனக்கு யாரோட பாறையும் வேணாம்" என்று அம்மா மூலமாக அவளிடமிருந்தும் பதில் வந்தது. அந்தக் கரிசல் மேல் நிற்கிற வீட்டில்தான் அவளும் அவள் பிள்ளைகளும் தூங்கப்போகிறார்கள். எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு. அந்த வீடு நிற்க வேண்டும், அவள் என்னோடு பேச வேண்டும். முதலாவது என் கையில் இருந்தது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கீழ்த்தளத்தில் தூண்களுக்கிடையே நாலு இடத்தில் அடியிலிருந்து மேல்வரை காங்கிரீட் சுவர் கொடுத்தேன், முழங்கால் மடியாமல் இருக்க. 'ட'வை நடுவில் வெட்டி, இரண்டு நேரான பெட்டிகளாக்கி, நாலு விரல் இடைவெளி விட்டேன்.

"வீட்டுக்குள்ளயே பாகப்பிரிவினையா?" என்று அப்பா பதறினார்.

"பாகப்பிரிவினை இல்லப்பா. ஆடும்போது ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்காம இருக்கக் கொஞ்சம் எடம் விட்டுத் தள்ளி நிக்கிறது."

"இப்ப நீங்க ரெண்டு பேரும் நிக்கிறீகளே, அது மாதிரியா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

இதெல்லாம் இரண்டு வீட்டுக்கும் பொது. அடித்தளம்தான் மாறியது. எனக்குப் பாறையில் சின்னச் சின்னக் குழியில் தூண் நிறுத்தினால் போதும். அவளுக்கு ஊதிச் சுருங்கும் மண்ணைத் தாண்டி ஆழத்தில் துளை போட்டு, அடியில் வெங்காயம் மாதிரி விரிந்த, 'பைல்' என்கிற காங்கிரீட் தூண்களை இறக்கி, அவற்றின் தலைகளைக் குறுக்கும் நெடுக்கும் உத்திரத்தால் கட்ட வேண்டும். இரும்பு எக்கச்சக்கம்.

அப்பா என் கம்பிப் பட்டியலை வாங்கி, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கக் கூட்டினார்.

"சின்னவளுக்கு இம்புட்டு எடை கூடுது. உனக்கு?"

"எனக்குத் தேவையில்லப்பா. கீழ பாறை இருக்கு."

"தேவை வேற, பங்கு வேற தாயி."

என் வீட்டில் வேண்டாத இடத்தில் இரும்பைத் திணித்தால் அதுவும் கெடுதல் என்று மன்றாடினேன். யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். தங்கை வீட்டு மண்ணுக்கடியில் எவ்வளவு இரும்பு கூடுதலாகப் போகிறதோ, அதே எடையில் என் வீட்டுக்கு ஒரு கேட். அவனியாபுரத்துப் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தார். எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, குறைந்ததென்று திருப்பி அனுப்பி, மேலே ஈட்டி முனைகள் சேர்த்து வாங்கி வந்தார். அந்தக் கேட்டைத் தாங்கும் தூண்களுக்கு நான் தனியாக ஒரு நிலநடுக்கக் கணக்குப் போட வேண்டியதாயிற்று. அதை ஒரு ஆளால் திறக்க முடியாது. உள்ளேயிருந்து ஒருவர் இழுக்க, வெளியிலிருந்து ஒருவர் தள்ள வேண்டும். எங்கள் தெருவில் ஷேர் ஆட்டோக்காரர்கள் "ஜெயில் ஸ்டாப்" என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

"அவ இரும்பை ஊரே பாக்குது, என் இரும்பு மண்ணுக்குள்ள கெடக்கு" என்று தங்கை சொன்னதாக அம்மா சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குறை சொல்கிற அளவுக்காவது என் நினைப்பு இருக்கிறதே.

கட்டிட வேலை நல்லபடியாகத்தான் போனது, கொத்தனார் எனக்கு ஒரு உபகாரம் செய்யும் வரையில். நல்ல மனிதர், வேலையில் சுத்தம். ஒரு நாள் அவனியாபுரத்து வீட்டுக்குப் போனால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நான் விட்ட நாலு விரல் இடைவெளியைக் காணோம். மேலிருந்து கீழ்வரை கலவை போட்டு அடைத்து, வழவழவென்று பூசியிருந்தது.

"எங்கண்ணே அந்த இடைவெளி?"

"நீங்க மறந்து விட்டுட்டீங்க மேடம். நாந்தான் பாத்து அடைச்சேன்" என்றார் பெருமையாக. "சொல்லிக் காட்டுவேன்னு நினைக்காதீங்க. நமக்குள்ள என்ன இருக்கு?"

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தில், மேலே தாழப் பறந்து இறங்கிக்கொண்டிருந்த விமானம் ஏர்போர்ட்டைச் சுற்றி இன்னொரு வட்டம் அடித்திருந்தால் ஆச்சரியமில்லை. படத்தில் போட்டிருந்தேனே, வாயாலும் சொன்னேனே என்றேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "இம்புட்டுப் பெரிய சந்து விட்டா பல்லி வரும், எறும்பு வரும். கொத்தனாருக்குச் சுவரைச் சேக்கத் தெரியலைன்னு ஊரு சிரிக்காதா மேடம்?" பிறகு தயங்கித் தயங்கி, "உங்க வீட்டுலயும் அடைச்சாச்சு. அப்பா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னாரே" என்றார்.

ஆள் வைத்து உடைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இன்னொரு உபகாரத்துக்கு எனக்குத் தெம்பில்லை. என் வீட்டுச் சந்து அப்புறம், முதலில் அவள் வீடு என்று உளியும் சுத்தியலும் வாங்கிக்கொண்டு, சாரத்தில் ஏறி, நானே உட்கார்ந்து அந்தக் கலவையைப் பெயர்த்தேன். கொத்தனார் இன்னொரு பக்கத்தில் பெயர்த்தார். மத்தியானம் வாக்கில் தலை, கண் இமையெல்லாம் சிமெண்ட். கீழே வண்டிச் சத்தம் கேட்டது. தங்கை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நகர்ந்தாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது சாரப்பலகையில் மூடி போட்ட ஒரு டம்ளர். டீ. சீனி கம்மி, இஞ்சி தூக்கல். நான் குடிக்கிற மாதிரி.

பால் காய்ச்சும் நாள் வந்தது. ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால் என்றாகக் கூடாதென்று இரண்டு வீட்டுக்கும் அப்பா ஒரே முகூர்த்தம் குறித்தார். விடிகிற நேரம். சொந்தக்காரர்களைத் தலையெண்ணி இரண்டாகப் பிரித்தார். இந்தப் பக்கம் ஒரு மாமா என்றால் அந்தப் பக்கம் ஒரு மாமா. ஒற்றையாக மிஞ்சிய சித்தப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா கேட்டாளாம், "நாம எந்த வீட்டுக்குப் போறோம்?"

அப்பா அதை யோசித்திருக்கவில்லை. யோசித்தார். அவர் ஒரு வீடு, அம்மா ஒரு வீடு என்றால் அதுவும் சமமாகாது, இரண்டு பேருக்கும் அம்மாவைத்தான் அதிகம் பிடிக்கும். ஸ்கூட்டரில் கிலோமீட்டர் பார்த்துப் பார்த்து ஓட்டி, இரண்டு வீட்டுக்கும் சரிபாதியில் பைபாஸ் ரோட்டில் ஒரு டீக்கடையைக் கண்டுபிடித்தார். அன்று விடியும்போது என்னைப் பெற்றவர்கள் பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக அந்தக் கடை பெஞ்சில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

என் வீட்டில் மூன்று செங்கல் வைத்து, விறகு மூட்டி, பானையை ஏற்றினோம். முதல் நாள் மழையில் விறகு நனைந்திருந்தது. புகை வந்தது, பால் அசையவில்லை. போன் அடித்தது.

"சின்னவளுக்குப் பொங்கிருச்சு தாயி. உனக்கு?"

பின்னால் அம்மாவின் குரல்: "பொண்ணு ரெண்டு பெத்து நடுரோட்டுல டீ குடிக்க வச்சுட்டாரே இந்த மனுசன்."

"பொங்கிருச்சுப்பா" என்றேன்.

"ஒரே நேரம்!" என்று அவர் டீக்கடைக்காரரிடம் சொல்வது கேட்டது. "வாரோம், ரெண்டு வீட்டுக்கும் வாரோம்."

அரை மணி நேரம் ஆகியும் பால் அப்படியே இருந்தது. உள்ளே அத்தனை பேரும் முறை போட்டு ஊதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஹாரன் கேட்டது. வீட்டுக்குள் அழைத்து வந்த பசு ஓடிவிடக் கூடாதென்று யாரோ கேட்டைச் சாத்தியிருந்தார்கள். நான் போய்ப் பிடித்து இழுத்தேன். அது என்னை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

வெளியே கம்பிகளுக்கு அந்தப் பக்கம் தங்கை நின்றாள். புதுச் சேலை, கையில் ஒரு தூக்குவாளி, அதன் மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

"என்னக்கா கேட்டு இது" என்றாள். "நீ இழு. நான் தள்ளுறேன்."

பத்து மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் இழுத்தேன், அவள் தள்ளினாள். ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. நுழைந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். மன்னிப்புக் கேட்க மனதுக்குள் பல தடவை ஒத்திகை பார்த்திருந்தேன். "எனக்குச் சிவப்பு வரணும்னு வேண்டிக்கிட்டேன்டி. தெரிஞ்சேதான் வேண்டினேன்" என்று மட்டும்தான் வந்தது. மிச்சமெல்லாம் அழுகை.

அவள் கறிவேப்பிலைக் கொத்தை என் கையில் திணித்தாள். "உனக்குப் பாறை இருக்குற மூலை எங்க வீட்டுல சும்மாதானே கெடக்கு, அங்க வச்ச செடி. என்னமா வந்துருக்கு பாரு" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நானும் வேண்டுனேன்க்கா."

"என்னன்னு?"

"பாறையில ஒண்ணும் முளைக்காதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும்ல. அந்தத் தண்டப் பாறை அக்காவுக்கு விழணும், நல்ல மண்ணு எனக்கு விழணும் சாமின்னு வேண்டுனேன். நீ சோகமா நின்னப்ப பாவமாப் போயித்தான் கையைப் புடிச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "குழியைப் பாத்ததும் உம்மேல கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சா, நாஞ் செஞ்சதும் அதேதானே? உன்கிட்ட என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம், பசு எங்களைப் பார்த்தது.

"அப்பாகிட்ட சொல்லிராத" என்றாள். "ரெண்டு வேண்டுதலையும் எடைமேடைக்குக் கொண்டுபோயிருவாரு."

உள்ளே போய் அவளும் அடுப்புக்கு முன்னால் குந்தினாள். எங்களுக்கு மூச்சு முட்டும் வரை ஊதினோம். ஒரு வழியாக விறகு பற்றி, பால் நுரைத்து, பானை விளிம்பில் ஏறிப் பொங்கி வழிந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குலவை போட்டாள். அந்த நேரம் பார்த்து அப்பாவும் அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். திறந்திருந்த கேட்டையும், பக்கத்தில் பக்கத்தில் நின்ற எங்களையும் அப்பா மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உண்மையச் சொல்லுங்க. யாருக்கு முதல்ல பொங்குச்சு?"

"ஒரே நேரத்துலப்பா" என்றோம் இரண்டு பேரும்.

அப்பா நிம்மதியாகத் தலையை ஆட்டினார். எங்களுக்குப் பின்னால் பானையிலிருந்து பால் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. தங்கை யாருக்கும் தெரியாமல் என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நானும் திருப்பிக் கிள்ளினேன், கொஞ்சம் கூடுதலாகவே.